காலி என்று நினைத்த பத்தாயம்

நிரல் மொத்தமும் மூன்று மெகாபைட்டுக்குள்தான். ஆனால் கோப்புறை 412 மெகாபைட் காட்டியது. இந்தத் தை மாதத்தில் ஓர் இரவு, மன்னார்குடி வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்து வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக்குள் அந்தக் கோப்புறையை ஜிப் செய்து சென்னைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அந்த எண் மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் அனுப்பியிருப்பேன், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பேன். இதை எழுத வைத்தது அந்த நினைப்புதான்.

எங்கள் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்காக 2018-ல் நானும் ஒரு நண்பரும் எழுதிய கணக்கு மென்பொருள் அது. உறுப்பினர் பட்டியல், விதை உரக் கடன், நெல் வரவு, ஈரப்பதக் கழிவு, சாக்குக் கணக்கு, இவ்வளவுதான். நண்பர் வெளிநாடு போய்விட்டார். எனக்கும் முன்போல நேரம் இல்லை. பராமரிப்பைச் சென்னையில் உள்ள ஒரு சிறிய அணியிடம் ஒப்படைப்பது என்று குழு முடிவு செய்தது. அந்த அணியின் இளைஞர் போனில் சொன்னார்: "அண்ணே, ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணி டிரைவ்ல ஏத்தி லிங்க் குடுங்க, போதும். லிங்க் எனக்கு மட்டும் திறக்கிற மாதிரி வச்சுடுங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பு என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. லிங்க்கைப் பூட்டச் சொன்னாரே. நானும் பல வருடங்களாக அப்படித்தான் வேலை செய்து வந்தேன்.

அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தேன். மீதி 409 மெகாபைட்டும் புள்ளியில் தொடங்கும் அந்த மறைவான கிட் கோப்புறைக்குள் இருந்தது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி கிட், அந்த வரலாறு முழுதும் தங்கும் இடம் இது. ரெவ்-லிஸ்ட் கட்டளையால் எல்லாப் பொருள்களையும் வரிசையாக எடுத்து, கேட்-ஃபைல் கட்டளைக்கு ஊட்டி, அளவுவாரியாக அடுக்கினேன். இருபது நொடி வேலை. ஏழு வருடத்தில் ஒரு முறைகூட அதைச் செய்ததில்லை. பட்டியலின் உச்சியில் வரிசையாகப் புகைப்படங்கள். எல்லாம் 'கஜா பட்டியல்' என்ற கோப்புறைக்குள். இப்போதைய நிரலில் அப்படி ஒரு கோப்புறையே கிடையாது.

கஜா வாரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டாக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நிவாரணத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் குழு அலுவலகத்தில் வாடகை ஜெனரேட்டரை ஓடவிட்டு உட்கார்ந்தோம். ஜெராக்ஸ் கடை எதுவும் திறக்கவில்லை. அதனால் வந்தவர்களின் ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் போனிலேயே படம் எடுத்தோம். 214 படங்கள். மடிக்கணினியில் எங்கே போடுவது? திறந்திருந்தது இந்த மென்பொருளின் கோப்புறை. அதற்குள் போட்டோம். அன்று இரவு ஏதோ ஒரு சிறு திருத்தத்துக்காக 'கிட் ஆட்' போட்டு, பின்னால் ஒரு புள்ளியும் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து கமிட் செய்துவிட்டேன், அதாவது கிட்டின் வரலாற்றில் பதிந்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து அதைக் கவனித்து நீக்கியிருக்கிறேன். கமிட் செய்தியும் இருக்கிறது: 'தேவையற்ற கோப்புகள் நீக்கம்'. எவற்றைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் கிட் இக்னோர் கோப்பில் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறேன். கோப்புறையிலிருந்து படங்கள் போய்விட்டன, விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். கிட்டில் நீக்கம் என்பது 'இன்று முதல் இது இல்லை' என்று எழுதும் இன்னொரு பதிவு. நேற்று இருந்தது நேற்றைய பக்கத்தில் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தும் என் கோப்புறையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏழு வருடம் தோன்றவில்லை.

அப்பாயி இறங்கிய பத்தாயம்

நிரலும் அதன் வரலாறும் சேர்ந்திருக்கும் இப்படிப்பட்ட கோப்புறையை ரெப்போ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தமிழில் எழுதும்போது களஞ்சியம் என்கிறார்கள். நல்ல சொல். எங்கள் பக்கத்தில் களஞ்சியம் என்றால் கண்ணெதிரே இருக்கும் பொருள். பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வீடுகளில் இருந்தது பத்தாயம். எங்கள் வீட்டில் பலாப்பலகையில் செய்த மூன்றடுக்குப் பத்தாயம் ஒன்று இருந்தது. மேலே கொட்டி, கீழே உள்ள சின்னக் கதவு வழியாக எடுக்க வேண்டும். வீட்டில் நெல் வைப்பது நின்றுபோன பிறகு அது கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஒரு மரக்கடைக்காரருக்கு விற்றுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

வண்டி வாசலில் நிற்கிறது. கடைக்காரர் கீழ்க்கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்து, "காலிதாங்க" என்றார். அப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. "இருங்க, நான் எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அந்த வயதில் முக்காலி போட்டு ஏறி மேல் வழியாக உள்ளே இறங்கினார். உள்ளிருந்து துடைப்பச் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்தபோது கையில் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு கட்டு. தாத்தா காலத்துப் புரோநோட்டுகள். முத்திரைவில்லை ஒட்டி, கைநாட்டு வைத்து, தெருவில் யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதியவை. வாங்கியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கடனும் தீர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அப்பாயி அதைக் கடைக்காரர் கண்ணில் படாமல் முந்தானையில் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "அவங்க நம்மகிட்ட குடுத்தது. மரம் வாங்க வந்தவன் எதுக்குப் பாக்கணும்?" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாடியில் எனக்கு இந்தக் காட்சி உடனே நினைவுக்கு வரவில்லை. பட்டியலிலிருந்து ஏதோ ஒரு படத்தைத் திறந்த பிறகுதான் வந்தது.

147-ஆவது படம். வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, ஒட்டிய புகைப்படம். புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல்களும் படத்தில் விழுந்திருந்தன. சேறு காய்ந்த நகங்கள், ஆள்காட்டி விரலில் ஒரு பழைய அரிவாள் தழும்பு. முகத்தைப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது. கீழத்தெருப் பெரியம்மா. அவருடைய கூரை முழுதும் போயிருந்தது. அன்று வரிசையில் நின்று பாஸ்புக்கை நீட்டியபோது, "ஏப்பா, இத யாருகிட்டயும் குடுத்துர மாட்டியே?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது. நாளை காலை ஒரு லிங்க் வழியாக அதைத்தான் கொடுக்கப் போகிறேன், அதுவும் 214 படங்களையும், பாதுகாப்பாக அனுப்புகிறேன் என்ற திருப்தியோடு.

அந்த இரவில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பாதுகாப்பாக அனுப்புவது என்று நாங்கள் பேசுவதெல்லாம் வழியைப் பற்றிய பேச்சு. குறியாக்கம், கடவுச்சொல், பூட்டிய லிங்க், எல்லாம் நடுவழியில் ஒருவன் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு. போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டி திறக்கப்படும். திறப்பவர் நல்லவர்தான். ஆனால் பெரியம்மா பாஸ்புக்கை அவரிடம் கொடுக்கவில்லையே.

தூற்றல்

மறுநாள் இளைஞருக்குப் போன் செய்து ஒரு வாரம் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும், "அண்ணே, அப்ப ஹிஸ்டரியே வேணாம். இப்ப இருக்கிற கோடை மட்டும் எடுத்து புது ரெப்போவாப் போட்டுடுங்க" என்றார். இதுதான் சுலபமான வழி. பலரும் சொல்லும் வழியும் இதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2021 ஜனவரியில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்துபோனது. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்புக்குள் யார் நெல்லும் வரவில்லை. குழு கூடிப் பேசி, உறுப்பினர்களுக்குக் கழிவை எப்படிப் போடுவது என்று புதிதாக ஒரு கணக்கை வகுத்தது. நிரலில் அது வெறும் ஆறு வரி. ஏன் அந்த ஆறு வரி என்பது கமிட் செய்தியில்தான் இருக்கிறது. வரலாற்றை வெட்டிப்போட்டால் நாளை யாராவது அதைப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி' விடுவார்கள். நெல்லையும் பதரையும் சேர்த்துக் குப்பையில் கொட்டுகிறவர் யார்? தூற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்று மாலைகள் ஆயின. படங்கள் கண்ணுக்குத் தெரிந்ததால் சுலபம். எண்களைத் தேடுவதுதான் கடினம். ஆதார் 12 இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமோ ஒன்றோ ஆகாது. அந்த விதியை வைத்து எல்லா கமிட்டுகளையும் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. எங்கள் எடைச்சீட்டு எண்ணும் 12 இலக்கம்தான், தேதியையும் வரிசை எண்ணையும் சேர்த்து நாங்களே வகுத்தது. ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறைப்படி வரும் சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்ததும் பத்தில் ஒன்பது பொய் எண்கள் உதிர்ந்தன. மீதியைக் கண்ணால் பார்த்தேன். ஐஎஃப்எஸ்சி குறியீடு இன்னும் எளிது, நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், அப்புறம் ஆறு எழுத்தோ எண்ணோ. ஆனால் இந்தத் தேடல் எதுவும் எக்செல் கோப்புக்குள் போகாது என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப். சுருக்கிய எழுத்தைச் சாதாரணத் தேடல் படிக்காது. பழைய எக்செல் கோப்புகளை ஒவ்வொரு பதிப்பாக வெளியே எடுத்துத் திறந்து பார்த்தேன். இரண்டில் உறுப்பினர்களின் நகைக்கடன் விவரமே இருந்தது.

பாதியில் நிறுத்தி ஒதுக்கிவைத்த வேலைக்கு ஸ்டாஷ் என்று ஓர் இடம் உண்டல்லவா, அதில் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் சாவி, அதாவது அதைத் திறக்கும் ரகசியக் குறியீடு, இருந்தது. கிட்டின் கட்டமைப்புக் கோப்பில், சர்வர் முகவரிக்குள்ளேயே நண்பரின் பழைய டோக்கன், அதுவும் கடவுச்சொல் மாதிரிதான். முறையாக குளோன் செய்தால், அதாவது கிட் வழியாகவே பிரதி எடுத்தால், இந்தக் கட்டமைப்புக் கோப்பு கூடவே போகாது. கோப்புறையை ஜிப் செய்தால் போகும். ரெஃப்லாக் என்ற உள்நடமாட்டப் பதிவு, ஹூக்குகள் என்ற தானாக ஓடும் சிறு நிரல்கள் எல்லாமே போகும். சாவியை முதலில் மாற்றினேன், டோக்கனை ரத்து செய்தேன், அப்புறம்தான் அழித்தேன். அந்த வரிசை முக்கியம். ஒரு முறை வெளியே கிடந்த சாவி வெளியே போன சாவிதான்.

கிட்லீக்ஸ் போன்ற கருவிகளையும் ஓட்டினேன், நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவை தேடுவது சாவிகளை. மூன்றாம் நாள் மாலை, கடைசி வேலையாக 1,143 கமிட் செய்திகளையும் உட்கார்ந்து படித்தேன். எந்தக் கருவியும் கண்டுபிடித்திருக்காத ஒரு வரி அங்கே இருந்தது. ஒருவருடைய பெயர், கடன் பாக்கி 18,000 என்ற தொகை, அதற்குப் பின் 'மகனுக்குத் தெரிய வேண்டாம் என்றார்'. நண்பர் நல்லெண்ணத்தில் எழுதியது, எனக்குக் குறிப்பாக. அந்த மகன் இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இந்த நிரல் யார் யார் கைக்குப் போகும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நின்றேன்.

அழிப்பதற்கு, வரலாற்றையே திருத்தி எழுதும் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி. புதிதாக குளோன் செய்த பிரதியில்தான் அது ஓடும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. படங்களை நீக்கினேன், எக்செல் கோப்புகளை நீக்கினேன், எண்களின் இடத்தில் நட்சத்திரங்களை வைத்தேன், செய்திகளில் இருந்த பெயர்களை மாற்றினேன், நண்பரின் சொந்த மின்னஞ்சல் முகவரிக்குப் பதில் பொதுவான ஒன்றைப் போட்டேன். இப்படிச் செய்தால் தொட்ட இடத்திலிருந்து பின்னால் வரும் எல்லா கமிட் எண்களும் மாறிவிடும். மழைக்கால விதியின் கமிட் எண்ணைக் குழுவின் தீர்மான நோட்டில் அன்று எழுதி வைத்திருந்தோம். பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று ஒரு பட்டியலைக் கருவியே கொடுக்கிறது. நோட்டில் பழையதை அடித்துப் புதியதை எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

வழி

அதன் பிறகுதான் வழியைப் பற்றி யோசித்தேன். கோப்புறையை அனுப்பவில்லை. எந்தக் கிளைகள், எந்தக் குறிச்சொற்கள் போக வேண்டும் என்று பெயர் சொல்லி 'கிட் பண்டில்' என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டினேன். எல்லாவற்றையும் என்று ஒரே சொல்லில் கட்டினால் ஸ்டாஷும் சேர்ந்து போய்விடும். கட்டிய பிறகு அந்தப் பண்டிலிலிருந்தே ஒரு வெற்றுக் கோப்புறைக்குள் குளோன் செய்து, எல்லாத் தேடலையும் முதலிலிருந்து ஓட்டினேன். என்னிடம் இருப்பது சுத்தமா என்பதைவிட, போகப் போவது சுத்தமா என்பதுதானே கேள்வி. அளவு 2.6 மெகாபைட். அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி கொஞ்சம் இல்லை.

இளைஞரின் பொதுச் சாவியை வைத்துக் குறியாக்கம் செய்து, அவர்கள் சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் என்ற குறியாக்க இணைப்பு வழியாக ஏற்றினேன். முதல் முறை இணையும்போது 'இந்த சர்வரை நம்பலாமா' என்று அந்த சர்வருக்கே உரிய கைரேகை போன்ற ஓர் எழுத்து வரிசையைக் காட்டிக் கேட்கும். இத்தனை வருடமும் படிக்காமலே ஆம் என்று அடித்திருக்கிறேன். இந்த முறை போனில் அவரைப் படிக்கச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஏற்றிய பிறகு, கோப்பு வழியில் மாறவில்லை என்று காட்டும் ஷா-256 எண்ணை அவர் படித்தார், நான்கு நான்காகப் பதினாறு துண்டுகள். பாதியில் அவருக்குச் சலிப்பு தட்டுகிறது என்று குரலில் தெரிந்தது. ஆனால் முடிந்ததும் அவரே சொன்னார், "அண்ணே, எங்ககிட்ட வேற ரெண்டு கிளையன்ட் ஜிப் இருக்கு. அதையும் பாக்கணும் போல."

நோட்டில் ஒரு பக்கம்

அனுப்பியதோடு இது முடியவில்லை. பழைய வரலாறு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். என் மடிக்கணினி, குழு அலுவலகக் கணினி, நண்பரின் கணினி, பீரோவில் இருக்கும் பென்டிரைவ், இணையத்தில் இருந்த தனியார் ரெப்போ. ஐந்தையும் ஒவ்வொன்றாகத் துடைத்து டிக் போட்டேன். ஆறாவது, 2021-ல் ஓர் அறிக்கைப் பக்கத்தைச் செய்துகொடுக்க ஒரு மாணவருக்கு நான் அனுப்பிய ஜிப். அவரைத் தேடிப் பிடித்தேன். மின்னஞ்சலில் இருந்ததை உடனே அழித்துவிட்டார். அந்த மடிக்கணினியை வேலைக்குப் போனதும் விற்றுவிட்டதாகச் சொன்னார். ஃபார்மேட் செய்தாரா என்று அவருக்கு நினைவில்லை. அந்த வரிக்கு எதிரே டிக் இல்லை.

குழுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாவது வரி உட்பட. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். மற்றவர்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியம்மா கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். கணினி விஷயம் எதையும் அவர் கேட்கவில்லை. "இப்ப என் நம்பர மாத்தணுமாப்பா?" என்று கேட்டார். ஒரு சாவியை இரண்டு நிமிடத்தில் மாற்றினேன். அவருடைய ஆதார் எண் சாகும்வரை அதே எண்தான், மாற்ற வழி கிடையாது. கைரேகையை மட்டும் பூட்டி வைக்கலாம், அப்போது அதை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "பூட்டிட்டா ரேஷன் கடையில வெரல் எடுக்குமா?" என்றார். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட வேண்டும் என்றேன். ஆதாரில் சேர்த்திருப்பது திருப்பூரில் இருக்கும் மகனின் போன் எண். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "பங்குனித் திருவிழாவுக்கு வருவான். அப்ப நீயும் வா, மூணு பேரும் போயி என் நம்பரையே சேத்துட்டு வந்துரலாம்" என்றார்.